ஜெயபாய் கேட்டு வாங்கிய எக்கோ

பின்சியின் கல்யாணத்தில் வயதான உபதேசியார் ராஜதாஸ், ஆசீர்வாத ஜெபத்தில் மணப்பெண்ணின் பெயருக்குப் பதிலாக அவளுடைய அக்காள் பெயரைச் சொல்லிவிட்டார். பந்தலில் சிலர் சிரித்தார்கள். பின்சி அழுதாள். ஒரு மாதம் கழிந்து கல்யாண வீடியோ வந்தது. அதில் அதே ஜெபத்தில், அதே உபதேசியாரின் குரலில், "பின்சி" என்றே கேட்டது. பந்தியில் அவர் "பின்சி, தின்னியா மக்கா?" என்று கேட்டிருந்தார். அந்த ஒரு சொல்லை வெட்டியெடுத்து ஜெபத்தில் ஒட்டி, பந்தல் முழக்கத்தோடு சேர்கிற மாதிரி லேசாக எக்கோவும் வைத்திருந்தான், வீடியோவுக்குச் சத்தம் சேர்த்த ஈசாக். யாரிடமும் அவன் வாய் திறக்கவில்லை. உபதேசியார் கர்த்தரிடம் போகிற நாள்வரை, தாம் சரியாகத்தான் சொன்னோம் என்று சமாதானமாக இருந்தார்.

அந்த அக்காள்தான் ஜெயபாய்.

ஈசாக்குக்கு வயரிங் வேலை. பாறசாலையில் ரயில் பாதையை ஒட்டி வீடு. பின்னறையில் சுவரெல்லாம் முட்டை அட்டையும் பழைய மெத்தையும் அடித்து, ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பாட்டுப் பதிவு செய்வான். கதவில் ரயில் நேரம் எழுதி ஒட்டியிருக்கும். ஒரு ரயில் போனதும் அடுத்தது வருவதற்குள் பாடி முடிக்க வேண்டும்.

சபை நாளுக்கு ஒரு பாட்டு பதிந்து, அன்று காலை பவனியில் போடுவது அவர்கள் சபையின் வழக்கம். அதில் யார் குரல் எடுப்பாக இருக்கிறதோ அவர்தான் ஆராதனையில் முன்னால் நின்று பாட்டு எடுத்துக் கொடுப்பார். பதினோரு வருடமாக அந்த இடம் ஜெயபாயுடையது. இந்த வருடம் இரண்டாம் சரணத்தைக் காட்டாக்கடையிலிருந்து கல்யாணமாகி வந்த ஜின்சிக்குக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை பாட்டு போனில் வந்தது. ஜெயபாய் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். அவள் சரணம் நேராக வந்து நேராக முடிந்தது. ஜின்சியின் சரணத்திலோ மூன்று இடத்தில் வரியின் கடைசிச் சொல் மட்டும் மிதந்து, பெரிய கோவிலுக்குள் பாடினதுபோல் விலகி விலகிப் போயிற்று. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கேட்டாள். பிறகும் கேட்டாள். நெஞ்சுக்குள் யாரோ மிளகாய் அரைத்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் கணவன் சஜு.

"யாருது?"

"ரெண்டும்தான்."

"ரெண்டும் எப்படி நல்லா இருக்கும்? காது கேக்காதவனா நீ?"

மத்தியானமே ஈசாக்கின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"எலே ஈசாக்கு, அவளுக்கு மட்டும் எக்கோ. எனக்கு என்னத்துக்கு இல்ல?"

"உங்களுக்கு வேண்டாம் அக்கா. நீங்க வரிய கடைசிவர பிடிச்சுப் பாடுவீங்க. அவ மூச்சு முட்டி பாதியில விட்டிருவா. அந்த ஓட்டைய அடைச்சதாக்கும்."

"ஓட்டைய அடைக்க பாலராமபுரம் கசவுச் சரிகைதான் கிட்டிச்சோ? எனக்கும் வையி. எல்லா வரிக்கும் வையி."

"அக்கா, நெறஞ்ச குடத்துல..."

"வைப்பியா, மாட்டியா?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் சொன்னபடியே எல்லா வரிக்கும் வைத்தான். ஹெட்போனில் கேட்டபோது தேவதூதர் பாடுகிற மாதிரிதான் இருந்தது. ஜெயபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சபை நாள் காலையில், தெங்கு உயரத்தில் கட்டிய கோளாம்பி ஒலிபெருக்கியில் பாட்டு கிளம்பிற்று. ஜெயபாயின் ஒரு வரி முடியுமுன் அதன் முழக்கத்தின்மேல் அடுத்த வரி ஏறிற்று, அதன்மேல் அடுத்தது. ஒரு சொல்லும் பிரிந்து கேட்கவில்லை. பவனியில் வந்த சுகுமாரி, "கர்த்தாவே, ஜெயபாய் கெணத்துக்குள்ள விழுந்துட்டாளோ?" என்றாள். முன்வரிசைவரை சிரிப்பு ஓடிற்று. பிறகு ஜின்சியின் சரணம் தெளிந்த தண்ணீர்போல் வந்தது.

கமிட்டிக்காரர் ஈசாக்கைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். அவன் தலையைச் சொறிந்தான். "தப்பு என்னுதாக்கும். கை தெரியாம கூட்டிட்டேன்."

ஜெயபாய் மூன்றடி தள்ளி நின்றிருந்தாள். நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முன்னால் நிற்கிற இடம் ஜின்சிக்குப் போயிற்று. ஜெயபாய் நாலாம் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைத் திறந்தபடி, அந்தப் பிள்ளை எந்த வரியின் பாதியில் மூச்சுவிடுவாள் என்று காத்திருந்தாள். விட்டாள். ஜெயபாய்க்கு ஒரு சந்தோஷம் வந்தது. கர்த்தருடைய வீட்டில் இருந்துகொண்டு இப்படியா என்று அதே நிமிடம் உடம்பு கூசிற்று. கூசியும், அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். மனுஷ நெஞ்சு அப்படித்தான். கர்த்தர் மட்டும் அதை அறிவார்.

ஆராதனை முடிந்ததும் ஜின்சி ஓடிவந்து, "மாமி, உங்கள மாதிரி மூச்சு பிடிக்க எனக்குப் படிப்பிச்சுத் தருவீங்களா?" என்று கேட்டாள். "பார்ப்போம்," என்றாள் ஜெயபாய். இன்றுவரை பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, நெஞ்சு ஆபரேஷனுக்காக ஈசாக் திருவனந்தபுரம் போனான். பாறசாலை பஸ் நிறுத்தத்தில் கையில் ஒரு பையோடு நின்றவனை ஜெயபாய் கண்டாள். அன்றைக்குப் பிறகு அவனை அவள் உயிரோடு காணவில்லை.

"அண்ணைக்கு நான் பறஞ்சிருக்கணும் ஈசாக்கு. பேடிச்சுப் போனேன்."

"அது போட்டும் அக்கா."

பஸ் வந்துவிட்டது. அவள் அவன் பையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் சத்தியமா சொல்லிட்டுப் போ. எங்க ரெண்டு பேருல யாருக்க குரல் நல்லது?"

ஈசாக்குக்குச் சிரிப்பு வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னான்:

"ஜின்சி பாடினா ரெண்டு நாளு இருந்து செரியாக்கணும். நீங்க பாடினா எனக்கு ஒரு வேலையும் இல்ல, சும்மா இருந்து கேப்பேன். இத அவகிட்ட பறயாண்டாம் அக்கா, பாவம், நல்லா பாடுவா."