ஒடிந்த இடத்துக்குப் பக்கத்தில்

இரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் போனிலேயே சொல்லிவிடுவேன்: குரோமோசோம் பார்க்கப் பட்டினி வேண்டாம், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று. யார் கேட்கிறார்கள்! பொன்முடி தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து அந்த அண்ணனும் தங்கையும் முதல் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் இறங்கி, திருவனந்தபுரத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு வெறும் வயிற்றோடு வந்து நின்றார்கள்.

"ரத்தம் எடுக்கணும்னா பட்டினிதானே மேடம்?" என்றாள் தங்கை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தினமும் மாத்திரை சாப்பிடுகிற அண்ணனைப் பட்டினி போடுவதா? இருவரையும் கேண்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அண்ணனுக்கு இளம் வயதிலேயே மனநோய். யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கும். வேலைக்குப் போகாத திமிர் என்று லயத்தில் பேச்சு. ஆஸ்பத்திரியில் முன்பே பார்த்ததில், அவருடைய இரண்டு குரோமோசோம்கள் ஒடிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருந்தன. ஒடிந்த இடத்துக்குப் பக்கத்தில் எந்தெந்த மரபணுக்கள் இருக்கின்றன, அவை மூளையில் என்ன செய்கின்றன என்று தேடுவது என் பிழைப்பு. தங்கைக்கும் அதே ஒடிவு உண்டா என்று பார்க்க வேண்டும். அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். சம்மதம் சொல்லும் முன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள்.

அண்ணன் தன் வடையைப் பிட்டுப் பெரிய பாதியை அவள் தட்டில் வைத்தார்.

"அண்ணன் எப்பவும் இப்படித்தான் மேடம், எதையும் முழுசாத் திங்காது," என்று சிரித்துவிட்டு அவள் கை கழுவப் போனாள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தங்கச்சிப் பாப்பாவுக்கு இல்லன்னு வரணும் மேடம். என்னோடது என்னோட போகட்டும்."

அவளுக்கும் இருந்தது. ரிசல்ட் சொல்லும் நாளில் மனநல டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "உனக்கும் ஒடிவு இருக்கு. ஆனா நோய் வந்தே தீரும்னு இல்ல. அண்ணனுக்கு வந்த வயசை நீ எப்பவோ தாண்டிட்டே. ஏன் ஒருத்தருக்கு வருது, ஒருத்தருக்கு வரலைன்னுதான் நாங்களும் தேடறோம்."

அண்ணன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் அவர் கையை முகத்திலிருந்து விலக்கினாள்.

"அழாதண்ணா. மாப்பிள்ளை வீட்டுல நானே சொல்லிக்கிறேன். இனி யாராவது உன்னைத் திமிருன்னு சொல்லட்டும், எங்க ரத்தத்துலயே இருக்கு, எனக்கும் இருக்குன்னு சொல்லுவேன், கேட்டோ!" என்று மலையாள வாலோடு முடித்தாள்.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு.

அன்றும் இருவரும் பட்டினிதான். ரிசல்ட் வாங்கவும் வெறும் வயிறு என்று நினைத்தார்களாம். திட்டிக்கொண்டே கேண்டீனுக்குக் கூட்டிப்போனேன். வடை வந்ததும் அவள்தான் பிட்டாள். பெரிய பாதி அண்ணன் தட்டுக்குப் போனது.