கல்யாண வீட்டுத் தார்ப்பாய்

எங்கள் வீட்டு ஹாலில், மேலேயிருந்து சொட்டிய மழைத் தண்ணீரில் வழுக்கி விழுந்துதான் என் வீட்டுக்காரர் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கோடை மழை அது. அவர் தோட்டத்திலிருந்து வருவதற்குள் பெய்து ஓய்ந்தும்விட்டது. வழக்கமாகச் சொட்டும் இடத்தில் வாளி வைத்திருந்தேன். அன்றைக்கு வேறொரு இடத்திலும் ஒழுக ஆரம்பித்திருந்தது எனக்குத் தெரியாது. கால் கழுவிவிட்டு உள்ளே வந்தவர், மின்விசிறி சுவிட்சைப் போடத் திரும்பினார். அடுத்து நான் கேட்டது அவர் விழுந்த சத்தத்தைத்தான்.

தேனியில் ஆபரேஷன் செய்து, எலும்புக்குள் கம்பி வைத்து அனுப்பினார்கள். காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸிலிருந்து இறக்கி, ஹால் வழியாக உள்ளறைக் கட்டிலுக்குத் தூக்கிப் போகும்போது அவர் முதலில் பார்த்தது மேலேதான். காரை பேர்ந்து விழுந்து, துருவேறிய கம்பிகள் விலா எலும்பு மாதிரி வெளியே தெரிந்தன.

“வீட்டுக் கம்பி துருப்பிடிச்சுக் கெடக்கு. எனக்கு மட்டும் புதுக் கம்பி வச்சு அனுப்பியிருக்காக” என்றார். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அவர் தமாஷாக எதுவும் பேசவில்லை.

கோம்பையில் எங்கள் வீடு சின்னது. ஒரு ஹால், உள்ளறை, அடுப்படி. மேலே மொட்டைமாடி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு வீட்டோடு இருந்தேன். மகன் கோயம்புத்தூரில் வேலை. ஆபரேஷனுக்கு வந்தவன் லீவு முடிந்து போய்விட்டான். தென்மேற்கு மழை இறங்குவதற்குள் மாடியைச் சரி பண்ணியாக வேண்டும். ஆள் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் வந்தவர் காரில் வந்தார். மாடி ஏறவே இல்லை. ஹாலில் நின்றபடி போனில் போட்டோ எடுத்துவிட்டு, “மொத்தத்தையும் இடிச்சிட்டுப் புதுசாப் போட்டுருங்க” என்றார். உள்ளறையில் ஒரு மனுஷன் அசையாமல் கிடப்பதை நான் சொன்ன பிறகும் அதையேதான் சொன்னார். அடுத்தவர் மேலே ஏறிப் பார்த்தார், நன்றாகத்தான் பேசினார், புதன்கிழமை ஆளோடு வருகிறேன் என்றார். புதன் போய் வெள்ளி வந்தது. போன் அடித்தால், “கிளம்பிட்டோம்க்கா, வந்துக்கிட்டே இருக்கோம்.” கடைசியில் என் நம்பரைப் பார்த்தாலே எடுக்காமல் விட்டுவிட்டார். வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு ஆளைப் பார்த்திருப்பேன். வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்து ஏமாந்ததுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரருக்குக் காலில் பயிற்சி கொடுக்க உத்தமபாளையத்திலிருந்து ஒரு தம்பி வருவார். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “எங்க ஊர்ல ஒரு பாய் இருக்காரு. எங்க மாடி வேலைய அவருதான் பாத்தாரு. கொஞ்சம் சத்தம் போட்டுப் பேசுவாரு. ஆனா வாரேன்னா வருவாரு. முடியலைன்னா முடியலைன்னு அன்னைக்கே சொல்லிருவாரு.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே நான் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார் பாய். ஐம்பதைத் தாண்டிய ஆள். தேய்த்த வெள்ளைச் சட்டை, கருகருவென்று சாயமடித்த முடி, சட்டைப் பையில் ஒரு சீப்பு. வாசலில் நின்று போனில் யாரையோ திட்டிக்கொண்டே உள்ளே வந்தவர், கட்டிலைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படி விழுந்தீர்கள், தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள், திராட்சைக்கு இப்போது யார் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பேசினார். பிறகுதான் மாடி ஏறினார். அவருக்கும் முட்டி வலி. ஒவ்வொரு படிக்கும் “யா அல்லா” சொல்லிக்கொண்டே ஏறினார்.

சுத்தியலால் அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து சொன்னார்: “இடிக்கத் தேவையில்லம்மா. மேல பதிச்சிருக்க தட்டோடு, அதுக்குக் கீழ இருக்க ஜல்லி எல்லாத்தையும் பேத்து எடுக்கணும். ஹாலுக்கு மேல ஒரு எடம் மட்டும் அழுகிப்போச்சு. அதை வெட்டி எடுத்துட்டுப் புதுசா கம்பி கட்டிக் கான்கிரீட் போடணும். ஆனா இப்ப முடியாது. எம் மகளுக்குக் கல்யாணம். அது முடிஞ்சு மறு வாரம் வாரேன்.”

மறு வாரத்துக்குள் கேரளாவில் மழை பிடித்துவிடும். அங்கே பிடித்தால் இங்கே மலையைத் தாண்டிச் சாரல் வர எவ்வளவு நேரம்? நான் அவரைப் போகவிடவில்லை. “இவுகள இப்படிப் போட்டுட்டு நான் எங்கன போவேன் பாய்? இன்னொரு தடவ தண்ணி நின்னா, தூக்கக்கூட எனக்கு ஆள் இல்ல” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிற ஒரு மனுஷனிடம் அப்படி அழுதிருக்கக் கூடாதுதான். ஆனால் அழுகை வந்துவிட்டது.

அவர் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். “சரி தங்கச்சி. நாளைக்கே பேக்க ஆரம்பிச்சிருவோம். ஞாயித்துக்கெழம கல்யாணம், அன்னைக்கு மட்டும் ஆள் வராது. திங்கக்கெழம கான்கிரீட்டு. போன்ல பாத்துட்டேன், அதுவரைக்கும் மழ இல்ல” என்றார்.

சொன்னபடியே மறுநாள் காலையில் கொத்தனாரும் ஆட்களும் வந்துவிட்டார்கள். பாய் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிற வழியில் வருவார், சத்தம் போடுவார், போவார். சனிக்கிழமை சாயங்காலம் மாடி முழுக்கத் தோலுரித்த மாதிரி கிடந்தது. அழுகிய இடத்தை வெட்டி எடுத்ததில் ஹாலிலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஜன்னல் அகலத்துக்கு வானம் தெரிந்தது. அதன்மேல் தகரத்தை வைத்து, பிளாஸ்டிக் தாளை விரித்து, செங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேற்கே மலை காணாமல் போனது. நான் அடுப்படியில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று வீடு இருட்டிவிட்டது. மேலே படபடவென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் காற்று பிளாஸ்டிக் தாளைக் கிழித்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுத் தென்னையில் மாட்டிவிட்டது. தகரம் ஒரு பக்கமாக நகர்ந்து கிடந்தது. பெருந்தூறல் விழ ஆரம்பித்தது.

“பாய்க்குப் போன் போடவா?” என்றேன்.

“கல்யாண வீட்டுக்காரர எப்படிக் கூப்பிடுறது? வேண்டாம்” என்றார் என் வீட்டுக்காரர்.

அதுவும் சரிதான் என்று கொத்தனாருக்கு அடித்தேன். அவரும் அந்தக் கல்யாணத்தில்தான் இருந்தார் என்பது அவர் போனை எடுத்ததும் மண்டபத்து இரைச்சலில் தெரிந்தது. விஷயத்தை நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் பாயின் குரல் கேட்டது.

“தங்கச்சியா? அங்கன மழயா? இங்கன லேசாத்தான் இருட்டியிருக்கு. நிக்கா முடிஞ்சிருச்சு, சாப்பாடு ஓடுது. எந்தம்பி பாத்துக்கிருவான். மச்சானத் தூக்காத, நனையாமப் பாத்துக்க. நாங்க வாரோம்.”

வேண்டாம் பாய், நீங்கள் வராதீர்கள், ஆட்களை மட்டும் அனுப்புங்கள் என்று நான் சொல்வதற்குள் போன் கட் ஆகிவிட்டது.

அதற்குள் மழை வலுத்தது. ஹாலில் ஓட்டை வழியாகத் தண்ணீர் கயிறு மாதிரி இறங்கியது. பேர்த்துப் போட்ட ஜல்லியும் மண்ணும் மாடித் தண்ணீர் இறங்கும் குழாயை அடைத்துவிட்டதால், மேலே தண்ணீர் தேங்கி, விரிசல் இருந்த இடத்திலெல்லாம் கசிய ஆரம்பித்தது. உள்ளறையிலும் சொட்டியது. ஆபரேஷன் செய்த காலை மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பையால் சுற்றினேன். கட்டிலை நகர்த்தினால் கால் அசைந்துவிடுமோ என்று பயம். ஒரு குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டுக்குள் நாங்கள் இருவரும் குடைக்குள் இருந்தோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வாசலில் குட்டியானை வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

முதலில் கொத்தனார் குதித்தார். அடுத்து வெள்ளைவேட்டி வெள்ளைச்சட்டையில், அத்தர் வாசனையோடு, நான் அதுவரை பார்த்தேயிராத ஆட்கள் இறங்கினார்கள். பாயின் மச்சினன், தெருக்காரர்கள், மாப்பிள்ளையின் பெரியப்பாகூட. எல்லாருக்கும் கடைசியாகப் பாய். பட்டு ஜிப்பா, கழுத்தில் காலையில் போட்ட மாலையின் சரிகை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் தூக்கி வந்தது பெரிய நீலத் தார்ப்பாய். நெய்யும் புகையும் மணத்தது.

“சமையக்காரக மேல கட்டியிருந்தாக. அவுத்துட்டு வந்துட்டோம். கடைசிப் பந்திக்குச் சோறு தம்முல கெடக்கு, நனைஞ்சா நனையட்டும்” என்றார் கொத்தனார் ஓடிக்கொண்டே.

மாடியில் என்ன நடந்தது என்பதைப் பாதி காதால் கேட்டேன், பாதி உள்ளறை வாசல் வழியாக ஹால் ஓட்டையில் பார்த்தேன். காற்று தார்ப்பாயைத் தூக்கத் தூக்க, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். “ஏலே, அந்தப் பக்கம் தாழ்த்து! தாழ்த்துடா!” என்று பாய் போட்ட சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கயிறு இழுத்துக் கட்டினார்கள். ஹாலில் வானம் மறைந்து நீலமானது. தண்ணீர்க் கயிறு அறுந்து, சொட்டாகி, நின்றது. அப்புறமும் பாய் இறங்கவில்லை. முட்டி வலிக்கிற மனுஷன், அந்தத் தண்ணீரில் மண்டி போட்டு உட்கார்ந்து, குழாய் வாயில் அடைத்திருந்த ஜல்லியைக் கையாலேயே தோண்டி எடுத்தாராம். குழாயிலிருந்து செம்மண் தண்ணீர் சீறிக்கொண்டு வாசலில் விழுந்த சத்தத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், “குடையை மடக்கு” என்றார். அப்போதுதான் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது.

இறங்கி வந்தவர்களைப் பார்த்தேன். கல்யாண உடுப்பெல்லாம் சுண்ணாம்பும் செங்கல் தூளும். பாயின் தலைச்சாயம் கரைந்து நெற்றியில் கறுப்புக் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. இருந்த கைலிகளையும் துண்டுகளையும் எடுத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா, என் வீட்டுக்காரரின் பழைய கட்டம் போட்ட கைலியில் ஹாலில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்தார். பாய் முகத்தைத் துடைத்தார். துண்டு கறுத்துவிட்டது. அதை விரித்துப் பார்த்துவிட்டு, “போச்சு, சம்பந்திக்கு என் வயசு தெரிஞ்சு போச்சு” என்றார். உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். கால் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் அடுப்படிக்குள் போய் முகத்தை மூடிக்கொண்டேன்.

திரும்பிப் போகப் பாய்க்கு உலர்ந்த சட்டை வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரரின் சட்டை அவருக்கு வயிற்றில் பட்டன் ஏறவில்லை. அதையே மாட்டிக்கொண்டு மகளை வழியனுப்பக் கிளம்பினார்.

“எப்படி பாய் உங்களுக்கு நான்...” என்று ஆரம்பித்தேன்.

“மழ இல்லைன்னு சொன்னது நான்தான? அப்ப நான்தான வரணும்” என்றார். பிறகு, “திங்கக்கெழம வர முடியாது தங்கச்சி. மாப்ள வீட்டுக்குப் போகணும். செவ்வாக்கெழம காலைல வாரோம்” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார்கள். கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகும் வரைக்கும் தார்ப்பாயைப் பந்தலாகக் கட்டிக் காத்தார்கள். ஈரம் காய்ந்த பிறகு மேலே புதுத் தட்டோடு பதித்தார்கள். அந்த வருஷம் சாரல் விடாமல் அடித்தது. நான் ராத்திரியெல்லாம் பயந்து எழுந்து தரையைத் தடவிப் பார்ப்பேன். உலர்ந்தே இருக்கும். என் வீட்டுக்காரர் முதலில் வாக்கர், பிறகு கம்பு என்று அதே தரையில் நடக்கப் பழகினார்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் சொந்தக்காரர்கள் விருந்துக்கு அழைப்பார்கள் இல்லையா, அதுபோல நானும் அழைத்தேன். உத்தமபாளையத்தில் ஹலால் கடையில் கோழி வாங்கி வந்து சமைத்தேன். பாயை அந்தப் பெண் அத்தா என்றுதான் கூப்பிடும்; அத்தாவின் தங்கச்சி என்பதால் என்னை மாமி என்று கூப்பிட்டது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, அன்றைக்கு உன் அத்தாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

“கோவமாத்தான் இருந்துச்சு மாமி” என்றது அது, மறைக்காமல். “எல்லாரும் வந்து போட்டோ எடுக்குறாக, அத்தாவக் காணோம். அழுதுட்டேன். அம்மா வேற திட்டிக்கிட்டே இருந்தாக. அப்புறம் அத்தா வந்தாக. பட்டன் போடாத சட்டை, நெத்தியெல்லாம் மை. அந்த மனுஷன் நனையலம்மா, அப்படின்னாக எங்கிட்ட. வேற எதுவும் சொல்லல.”

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தது. அங்கே என் வீட்டுக்காரர் மாப்பிள்ளைக்குத் தன் காலில் தையல் போட்ட தழும்பைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“இவுகதானா?” என்றது.

“இவுகதான்” என்றேன்.

அது போய் அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “இப்ப வலி இருக்கா மாமா?” என்று கேட்டது.