பனியனில் ஒரு பை

இன்று காலை கொழும்பு மரைன் டிரைவில் என்னைக் கடந்துபோன சைக்கிளோட்டக்காரனின் சட்டையில், முதுகுப் பக்கம் ஒரு பை இருந்தது. அதற்குள் போன் துருத்திக்கொண்டிருந்தது. சங்கிலி எண்ணெய் மணத்தோடு எங்கள் கொட்டாஞ்சேனை வீடு ஞாபகத்துக்கு வந்தது.

சைக்கிளோட்டக் கழகத்தில் அப்பா ஒருவர்தான் தமிழர். பந்தயமென்றால் பாரம் குறைக்க மணியையும் மட்காட்டையும் கழற்றிவிடுவார். யுத்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே பித்தில் அடையாள அட்டையையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்கள். முன்னணியில் போய்க்கொண்டிருந்த கழகத் தோழர் சுனில் மாமா அதைக் கண்டு பந்தயத்தை விட்டுவிட்டு, வியர்வை ஒழுக எங்கள் வீட்டுக்கு வந்து அட்டையை வாங்கிக்கொண்டு பறந்தார். அதைக் காட்டித்தான் அப்பா தப்பினார்.

"அந்த அட்டை அவ்வளவு பாரமோ?" என்று கேட்டபடி அன்றிரவே அம்மா அப்பாவின் பந்தயப் பனியனில், முதுகில் ஒரு பை தைத்தார்.

அடுத்த வாரம் சுனில் மாமா ஒரு பொதியோடு வந்து, தங்களுக்கும் அப்படித் தைத்துத் தரச் சொன்னார். உள்ளே பதினொரு பனியன்கள்.

"உங்களை ஆர் மறிக்கிறது, சுனில்?"

"கிளப்புக்கு ஒரே உடுப்புதானே, அக்கே."