பிடரியைத் தாங்கிய கை

நம்ம கோயில் மாரியம்மா என்னைக் காப்பாற்றியதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பந்தலூர்ப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள் நான். முந்தின வருஷம் ஐப்பசி மழையில் கழுத்து வலி தொடங்கியது. மூட்டை சுமக்கிறவளுக்குக் கழுத்து வலிக்காமல் வேறென்ன வலிக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனேன். சாயங்காலமானால் காய்ச்சல். அந்தப் பழியை மழைமேல் போட்டேன்.

பிறகு கைகள் என் சொல்லைக் கேட்கவில்லை. மூடுபனிக்குள் விரல்கள் செடிமேல் ஓடும். கொழுந்தைத் தொடுகிற உணர்வே இருக்காது. வேறு யாரோ ஒருத்தியின் கைகள் என் சட்டைக்குள்ளிருந்து நீண்டு பறிப்பதுபோல இருக்கும். அவற்றைப் பார்க்கவே பயந்தேன். பிடரியில் எதுவோ உட்கார்ந்து அழுத்தியது.

"ஓடைப் பக்கம் போய் எதையோ கூட்டிட்டு வந்துட்ட புள்ள" என்றார் என் வீட்டுக்காரர் செல்வராஜ். உடுக்கை அடித்துப் பேயோட்டும் கோடாங்கியை ஒரு மத்தியானம் அழைத்து வந்தார். முடியைப் பிடித்துத் தலையைச் சுழற்றி ஆட்டுவார்கள், உங்களுக்குத் தெரியும். உள்ளே சாம்பிராணிப் புகை, வெளியே பனி. சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கோடாங்கி என் கொண்டையை அவிழ்த்து முடியைப் பிடித்தார். "தாயே, உன்னை விட்டா எனக்கு யாரு?" என்று மனசுக்குள் அழுதேன்.

அப்போது என் பிடரியில் ஒரு கை பதிந்தது. ஈரமான, சில்லென்ற கை. வேப்பிலை வாசம் வந்தது. எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

உடுக்கை நின்றது. கோடாங்கி என் தோளுக்குப் பின்னாலேயே பார்த்தார். முடியை விட்டுவிட்டார். "தம்பி, இந்தக் கழுத்த நான் தொடமாட்டனுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று தட்சிணைகூட வாங்காமல் இறங்கிப் போனார். எதைப் பார்த்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். காசநோய் கழுத்தெலும்பை அரித்திருந்தது. சீழ் கட்டி நரம்பை நெருக்கியதால்தான் கை மரத்திருக்கிறது.

"கழுத்தை யாராவது திருகினாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லைங்க."

"பொழைச்சீங்க. ஒரு ஆட்டு ஆட்டியிருந்தா கை கால் விழுந்திருக்கும். மூச்சே நின்னிருக்கலாம்."

செல்வராஜ் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

முன்கழுத்தைத் திறந்து, சீழை வடித்து, கெட்ட எலும்பை எடுத்து, அந்த இடத்தில் என் இடுப்பிலிருந்து எடுத்த எலும்புத் துண்டை வைத்துத் தகடு போட்டு முடுக்கினார்கள். மயக்கம் ஏறும்போதும் அந்தக் கை பிடரியில் இருந்தது. காசநோய் மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் விழுங்கினேன். மெல்ல மெல்ல விரல்களில் உணர்ச்சி திரும்பியது. இப்போது கொழுந்தின் ஈரம் எனக்குத் தெரிகிறது. மூட்டையை மட்டும் செல்வராஜ் தூக்குகிறார்.

மனசு விட்டுப்போனவர்களே, அவளைக் கூப்பிடுங்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் போங்கள். என் கழுத்து இனி முழுதாகக் குனியாது. சந்நிதியில் நீங்களெல்லாம் தலை குனியும்போது நான் மட்டும் அவள் முகத்தை நேராகப் பார்த்து நிற்பேன். திமிர் என்று நினைக்காதீர்கள். சில நேரம் பிடரி சில்லிடும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. "இருக்கியா தாயே" என்று மட்டும் கேட்பேன்.