அதட்டாத லைன் லீடர்

ஒரகடம் பக்கம் இரும்புத் தகட்டை அழுத்திப் பாகம் அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் நான் லைன் லீடராக இருந்தபோது எல்லோரும் என்னை ‘பாஸ்டரு’ என்றுதான் கூப்பிட்டார்கள். நான் சபை நடத்துகிற ஊழியக்காரன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு வராமல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடியறையில் நடந்த சபைக்குப் போவேன், யாரையும் அதட்டமாட்டேன். அவ்வளவுதான். அதட்டாத லைன் லீடரை அந்த வட்டாரம் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஏதோ பிறவியிலேயே சாது என்று என்னை நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் மூக்கு நுனியில் கோபம். எனக்கும்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சேரப்பணஞ்சேரியில் ஒரே அறையில் நாலைந்து பேரோடு கிடந்த காலத்தில், இயேசுவின் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு வாய் நிறையக் கெட்ட வார்த்தையோடு திரிவது எனக்கே அசிங்கமாகப் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வாயை அடக்கினேன். அடக்கியதற்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதுதான் கதை.

எங்கள் சூப்பர்வைசர் வாயைத் திறந்தால் வசவுதான். அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று இருந்தது. முந்தின நாள் டார்கெட்டை முடிக்காதவர்கள், காலை மீட்டிங்கில் ஒரு சிவப்புத் தட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். கழித்துக் கட்டிய பீஸ்களைப் போடுகிற தட்டு அது. நீயும் அதில் ஒன்று என்று அர்த்தம்.

என் லைனில் வல்லம் வடகால்காரர் ஒருவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். முதல் நாள் அவரை “அண்ணாச்சி” என்று கூப்பிட்டேன். “இன்னா தம்பி, நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிக்கினு கீறேன்?” என்று கேட்டு லைனையே சிரிக்க வைத்தார். அன்றிலிருந்து அண்ணே. கம்பெனிக்குள் பஸ் நிற்கிற இடத்தைக் காட்டி, “அதான் நம்ப கயனி” என்பார். சொந்தக் கழனி போன இடத்தில் பீஸ் அடித்துக்கொண்டிருந்தார். அவரையும் ஒரு நாள் தட்டோடு நிற்க வைத்தார்கள்.

“என் புள்ள வயசுப் பசங்க பாக்கறானுங்க தம்பி. அதுவும் என் மண்ணுல. இனிமே செத்தாலும் நிக்கமாட்டேன்.”

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தப் பழைய மெஷினில் இரண்டு பொத்தான்கள் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற இரும்பு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. இவர் அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து மடித்து, இடது பொத்தான் அமுங்கியே இருக்கும்படி செருகிவிடுவார். பிறகு வலது கை அமுக்கும். இடது கை உள்ளே தகடு வைத்துக்கொண்டே இருக்கும். பீஸ் மளமளவென்று விழும். சூப்பர்வைசருக்குத் தெரியாதா என்ன? எண்ணிக்கை ஏறுகிறவரை அவருக்குக் கண் தெரியாது.

நான் பக்கத்தில் போய் நிற்பேன். “அண்ணே, வேண்டாம்ணே. விரல் போனா வராதுண்ணே.”

“சரி பாஸ்டரு” என்று சிரித்துக்கொண்டே எடுப்பார். நான் முதுகைத் திருப்பினால் அட்டை மறுபடி உள்ளே இருக்கும். இதே மனிதர் சூப்பர்வைசர் தூரத்தில் கத்தினால் துள்ளி எழுந்து நிற்பார். கத்துகிறவனுக்குப் பயம், கெஞ்சுகிறவனுக்குச் சிரிப்பு! எனக்கு எரிந்துகொண்டு வந்தது. மேலே சொன்னால் ஆள் அனுப்புகிற காண்ட்ராக்ட்காரர் அவரை மறுநாளே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார். சொல்லாவிட்டால் விரல்.

ஒரு நாள் அவருடைய இடது கையுறையின் நுனி நசுங்கிக் கிழிந்திருந்தது. விரல் மயிரிழையில் தப்பியிருந்தது. “ஒண்ணியும் ஆவல, விடு” என்றார். அந்த ஞாயிறு எங்கள் போதகரிடம் கொட்டித் தீர்த்தேன். “பொறுமையா இருங்க தம்பி, கர்த்தர் பாத்துப்பாரு” என்றார். எனக்கு வந்ததே கோபம்! கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும் ஐயா, அதுவரை அந்த விரலை யார் பார்த்துக்கொள்வது? வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாளும் அட்டை இருந்தது. அவர் கிழிந்த கையுறையோடு ஓட்டிக்கொண்டிருந்தார். என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் அடுத்த தகட்டை எடுக்கத் திரும்பியபோது, என் இடது கையை மெஷினுக்குள் வைத்தேன்.

“அட்டைய எடுக்காதீங்கண்ணே. அப்படியே அமுக்குங்க.”

என் குரல் உயரவில்லை. வலது பொத்தானுக்குப் போன அவர் கை அந்தரத்தில் நின்றது. முகம் வெளுத்துப்போயிற்று. பாய்ந்து அவசரப் பொத்தானை அடித்து மெஷினை நிறுத்தினார். என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் பளாரென்று ஓர் அறை விட்டார்.

“பைத்தியமாடா நீ? உன் ஆத்தாளுக்கு யார்ரா பதில் சொல்றது?”

“உங்க கை மட்டும் தகரமாண்ணே?” என்றேன். காது இரைந்துகொண்டிருந்தது.

அவர் பொத்தானிலிருந்து அட்டையைப் பிடுங்கி வீசினார். அன்று முழுக்க இரண்டு கையாலும் அமுக்கினார். பிறகும் அப்படித்தான். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் அதட்டவில்லைதான், ஒரு மனிதரை நடுநடுங்க வைத்திருந்தேன். இதற்குச் சாந்தம் என்று பெயரா? சூப்பர்வைசர் வேறு வந்து என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, “மரியாதை குடுத்தா இதான் கெடைக்கும்” என்று மகிழ்ச்சியோடு சொல்லிப் போனார்.

அன்றைய டார்கெட் எட்டவில்லை. மறுநாள் காலை அண்ணனும், லைன் லீடர் என்ற முறையில் நானும் ஆளுக்கொரு சிவப்புத் தட்டோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். செத்தாலும் நிற்கமாட்டேன் என்றவர் நின்றார். சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். நான் அண்ணனுடைய தட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விரலும் இருந்தன.

“பாஸ்டரு, கன்னம் வலிக்குதா?” என்று உதடு அசையாமல் கேட்டார்.

“வலிக்குதுண்ணே.”

“வலிக்கட்டும். இன்னொரு தபா கைய வெச்சே, அந்தாண்ட கன்னமும் கீது.”

சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தேன். மீட்டிங் முடிந்து எல்லோரும் மெஷினுக்குப் போனார்கள். பக்கத்து மெஷின்காரன், இவ்வளவையும் நேற்று நின்று வேடிக்கை பார்த்தவன், சட்டைப்பையிலிருந்து மடித்த அட்டைத் துண்டை எடுத்து இடது பொத்தானில் செருகினான்.

அடக்கி வைத்த அத்தனை கெட்ட வார்த்தையும் நாக்கு நுனிக்கு வந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு அவனிடம் போனேன். “வேண்டாம்ப்பா” என்று மெதுவாகத்தான் சொன்னேன். அவன் சிரித்தான்.