கலசம் வைத்த கலங்கரை விளக்கம்

எந்த ஊருக்குப் போனாலும், உயரமான கட்டடம் ஒன்று கண்ணில் பட்டால் நான் முதலில் பார்ப்பது அதன் உச்சியைத்தான். ரசனை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எரிச்சலில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அதற்குக் காரணம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு பீங்கான் பட்டன்.

எண்பதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை வைத்திருந்தோம். அவர் மின்சார ஃபியூஸ் கட்டை செய்வார். அதற்குக் கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. வெள்ளையாக வரும், பெட்டியில் ஏறும், யார் வீட்டுச் சுவரிலோ புகையேறிக் கிடக்கும். பட்டறையை ஒட்டியிருந்த தகரக் கொட்டகை மட்டும் என்னுடையது. அங்கே மூன்று பெண்களை வைத்துக்கொண்டு பொம்மைகளுக்குக் கண் எழுதுவேன், சேலைக்குக் கரை போடுவேன். அந்தக் கொட்டகைக்கு எப்போதும் ஆபத்துதான். ஃபியூஸ் கட்டை அடுக்க இடம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் அடிக்கடி அதை அளவெடுக்கிற மாதிரி பார்ப்பார். பொம்மை நவராத்திரிக்கு மட்டும் விற்கிறது, மற்ற நாளெல்லாம் கொட்டகை சும்மா கிடக்கிறது என்பது அவர் கட்சி. வருஷம் முழுக்க ஓடுகிற மாதிரி ஒரு வேலையைப் பிடித்துக் காட்டினால் கொட்டகை எனக்கு, இல்லையென்றால் ஃபியூஸ் கட்டைக்கு. இதுதான் எங்களுக்குள் பேச்சு.

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். கடற்கரையில் ஊர் பார்க்க வருகிறவர்களுக்குச் சங்கு, சிப்பி மாலை எல்லாம் விற்கிறவர். பீங்கானில் வட்டமாகப் பட்டன் செய்து, அதில் மெட்ராஸின் முக்கியமான கட்டடங்களை வரைந்து, பின்னால் ஊக்கு ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார். ஆறு கட்டடம், ஆறு பட்டன். ஒன்றை வாங்கிச் சட்டையில் குத்தினவன் மிச்சம் ஐந்தையும் தேடி வருவான், சேர்க்கிற ஆசை பொல்லாதது என்றார். சட்டைக்குத்தான் ஏற்கெனவே பட்டன் இருக்கிறதே என்றார் என் வீட்டுக்காரர். நான் அவரை உள்ளே போகச் சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டேன்.

கடைக்காரர் ஆறு படத் தபால் அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். சென்ட்ரல் ஸ்டேஷன், கோட்டை, மியூசியம், மவுண்ட் ரோட்டு மாடிக் கட்டடம், காந்தி சிலை, கலங்கரை விளக்கம். எங்களில் ஒருத்தரும் மெட்ராஸ் பார்த்தவர் இல்லை. அதனாலேயே எனக்கு வெறி. பார்க்காத ஊரை நாங்கள் வரைய, பார்த்தவன் வாங்கிப் பார்த்து "அப்படியே இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். ஜன்னல் எத்தனை, வளைவு எத்தனை என்று ஒவ்வொரு அட்டையையும் பெண்களோடு உட்கார்ந்து பார்த்தேன். உள்ளதை உள்ளபடி போடுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்று வாய் வலிக்கச் சொன்னேன். மூவரும் தலையாட்டினார்கள்.

அந்த மூவரில் கை சுத்தமான ஆள், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அக்கா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பிள்ளையாருக்கு அவர் கண் எழுதினால் பிள்ளையார் நம்மைப் பார்த்து ஏதோ கேட்க வருவது போல இருக்கும். ஆனால் சொன்னதைக் காதில் வாங்குவது என்பது அவர் குடும்பத்திலேயே கிடையாது.

மாதிரிக் கூடையைக் கொண்டுபோகக் கடைக்காரர் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் சேத்தியாத்தோப்பில் என் தங்கைக்கு வளைகாப்பு. போகாமல் இருக்க முடியாது. வரைந்து வையுங்கள், நான் வந்து பார்த்தபிறகுதான் சூளைக்குப் போக வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். சின்னப் பட்டறைகள் எல்லாம் ஒரே பொதுச் சூளையில்தான் முறை போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தோம். யாரோ ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுக்க, கிடைத்த முறையை விடுவானேன் என்று என் வீட்டுக்காரர் பட்டன்களை எல்லாம் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். பீங்கானில் வரைந்ததைச் சுடுவதற்கு முன்னால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். சுட்டபிறகு தலைகீழாக நின்றாலும் போகாது.

வளையல் கையோடு வந்து கூடையைத் திறந்தேன். கலங்கரை விளக்கம் அத்தனையிலும் உச்சியில் மூன்று தங்கக் கலசம். பொம்மைகளின் நகைக்கு வைக்கிற தங்க மையைத் தொட்டு அழகாக, அடி பெருத்து, கழுத்துச் சிறுத்து, நுனி கூர்ந்து. சென்ட்ரல் ஸ்டேஷன் மணிக்கூண்டுக்கு ஒன்று. மவுண்ட் ரோட்டு மாடிக் கட்டடத்துக்கு வரிசையாக ஐந்து. கோட்டையும் மியூசியமும் தப்பியிருந்தன; காந்தி சிலையையும் எப்படியோ விட்டுவைத்திருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவைக் கூப்பிட்டு, இது என்ன என்று கேட்டேன். அவர் பட்டனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குற்றம் ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது.

"கலசம்மா. நீ படத்த குடுத்தப்பவே பாத்தேன், வெக்காம வுட்டுட்டாங்க. மூளியா இருக்குது, பாக்க நல்லாவா இருக்குது?"

அது கோயில் இல்லை, கப்பலுக்கு வெளிச்சம் காட்டுகிற கட்டடம் என்றேன். அவர் நம்பவில்லை. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கிறது, கோயில் மதிலைத் தவிர வேறு எதற்கு இந்த உலகத்தில் பட்டை அடிப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார். மற்ற இருவரும் அக்கா பக்கம். அட்டையில் இல்லையே என்றால், போட்டோ பிடித்தவன் உச்சியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்றார்கள். உங்களுக்குக் கண் இல்லையா, சூளையில் வைக்கும்போது பார்க்கவில்லையா என்று வீட்டுக்காரரிடம் பாய்ந்தேன். பார்த்தாராம். நன்றாகத்தான் இருக்கிறது, நீ சொல்லித்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாராம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கலசம் அப்படியே இருந்தது, பளபளப்புதான் போனது. அன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் வருகிற அழுகைக்கு ஆறுதல் சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் வந்தார். கலங்கரை விளக்கத்தைக் கையில் எடுத்தார், தள்ளிப் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார்.

"ஏம்மா, இது எந்தக் கோயிலு?"

மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்து, தினமும் அந்தக் கட்டடத்தின் நிழலில் கடை போடுகிற மனுஷன் கேட்ட கேள்வி அது. கோட்டையையும் மியூசியத்தையும் காந்தி சிலையையும் எடுத்துக்கொண்டார். மற்றதைச் சரியாகச் செய்து வையுங்கள், வருகிறேன் என்றார். வரவில்லை. அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் ஃபியூஸ் கட்டைப் பெட்டிகளில் முதல் வரிசையைக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து இறக்கினார். இறக்கினார், அவ்வளவுதான்.

மாசி மகம் வந்தது. மணிமுத்தாற்றங்கரையில் காலை வைக்க இடமில்லாத கூட்டம். பெரிய கோயிலுக்குப் போகிற தெருவில் எனக்கு முன்னால் ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நாலு பேர் நெஞ்சிலும் மெட்ராஸ் கலங்கரை விளக்கம். திரும்பிப் பார்த்தால் எதிரே வருகிறவர் சட்டையிலும் அதுதான். தெருமுனையில் பார்த்தேன்: பொரிக் கடைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து, எங்கள் அக்கா உட்கார்ந்திருக்கிறார். கூடையில் தூக்கிப்போட வைத்திருந்ததை யாரிடமும் கேட்காமல் எடுத்து வந்து, "நம்ம கோயிலு கோபுரம், சட்டையில குத்திக்கங்க" என்று விற்றுக்கொண்டிருக்கிறார். சனம் அடித்துப் பிடித்து வாங்குகிறது.

நான் போய் அக்காவின் கையைப் பிடித்தேன். வாங்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பட்டறைக்காரி என்று தெரிந்துகொண்டு, அச்சு அசலாக நம் கோபுரத்தைப் போட்டிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். அந்தக் கோபுரம் அவர் முதுகுக்குப் பின்னால் மலை மாதிரி நிற்கிறது. திரும்பி ஒரு தரம் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. மங்கலம்பேட்டை பாய் ஒருவர், சவுதிக்குத் திரும்புகிற நேரம், அறையில் கூட இருப்பவர்களுக்கு எங்கள் பக்கத்துக் கோபுரம் என்று காட்ட வேண்டும் என்று கை நிறைய அள்ளிக்கொண்டார். இது கோபுரம் இல்லை பாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் காலைக் கிள்ளினார்.

கூடை காலியானது. ஃபியூஸ் கட்டைப் பெட்டிகள் வந்த வழியே உள்ளே போயின. கொட்டகை தப்பித்தது. எனக்குத்தான் சந்தோஷப்படத் தெரியவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு உண்மையான கோபுரத்தையே போட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். காலையிலும் மாலையிலும் கோயில் வாசலில் நின்று, நிலை நிலையாக எண்ணி, சிற்பத்தின் சாயல் வரும்படி நானே அச்சு வரைந்தேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை. வந்தவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். போன தடவை போட்ட மாதிரி இல்லையே, அதில் கோபுரம் எடுப்பாக இருந்ததே என்றார்கள். பழைய பட்டனோடு ஜோடி சேர்க்க வந்த ஒரு அம்மா, இது எந்த ஊர்க் கோயில் என்று கேட்டபோது நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஆக, அதற்குப் பிறகு வருஷா வருஷம் எங்கள் கொட்டகையில் மெட்ராஸ் கலங்கரை விளக்கம், கலசத்தோடு. பக்கத்துக் கோயில்களின் திருவிழாக்களுக்கும் அதே பட்டன்தான் போனது. அந்தந்த ஊர்க்காரர்கள் அது தங்கள் கோபுரம் என்றே வாங்கினார்கள். வருஷத்துக்கு ஒரு நிறம் மாற்றி விளிம்பு போட்டோம், எல்லா நிறத்தையும் சேர்த்து வைத்திருக்கிற வீடுகள்கூட உண்டு. உள்ளதை உள்ளபடி என்று நான் தொடங்கிய கொட்டகை, இல்லாததால் பிழைத்தது. அக்காவின் மேல் எனக்கிருந்த கோபம் மட்டும் ஆறவே இல்லை. தப்பு என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் மெட்ராஸில் நடந்த ஒரு பொருட்காட்சியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. பொம்மை கட்ட, எடுத்து வைக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அக்காவைக் கூட்டிப் போனேன். பொம்மை கட்ட வேறு ஆள் இல்லாமல் இல்லை. ஒரு சாயங்காலம் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, அக்காவோடு கடற்கரைக்குப் பஸ் ஏறினேன். கலங்கரை விளக்கத்துக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்தி, பாருங்கள், நன்றாக அண்ணாந்து பாருங்கள் என்றேன்.

அக்கா முந்தானையை நெற்றிக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார். சிவப்பு, வெள்ளை, மறுபடி சிவப்பு, மறுபடி வெள்ளை. அதற்கு மேலே கண்ணாடி அறை. அதற்கு மேலே வெறும் வானம். இத்தனை வருஷம் நான் காத்திருந்தது இதற்குத்தான். அவர் முகம் வாடிப்போனது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"பாவம்மா. இன்னும் வேல முடியலியா?"

திட்டுவதற்காகத்தான் நானும் நிமிர்ந்து பார்த்தேன். எத்தனையோ ஆயிரம் தடவை கலசத்தோடு பார்த்துப் பழகிய கண். கட்டடம் மூளியாகத்தான் நின்றது.