சத்தம் போடும் மரப்பேனும் எங்க ரஹ்மத்தும்

ரஹ்மத் போயிட்டா. காலையில அவ மக போன் பண்ணிச்சு.

எண்பதுகள்ல சங்கரன்கோவில்ல ஒரு காலேஜ்ல நானும் அவளும் ஸூவாலஜி டிபார்ட்மெண்ட்ல லெக்சரர். சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல அவளுக்கு ரெண்டு காதும் போச்சு. உதட்டைப் பாத்தே எல்லாம் புரிஞ்சுக்கிடுவா.

ஒரு மழைநாள்ல லேபுக்குப் பின்னாடி கல்லைப் புரட்டுனா. தொட்டா உருண்டையா சுருண்டுக்கிடுமே, மரப்பேன்... அதுல ஒண்ணை எடுத்து விரலுக்கு நடுவுல வச்சவ அப்படியே நின்னுட்டா.

"ஏட்டி, இது சத்தம் போடுது. காதுல வச்சுப் பாரு."

வச்சேன். சீப்பை நகத்தால வருடுன மாதிரி, ரொம்ப லேசா கிர்ர்னு... அவளுக்கு அந்த அதிர்வு விரல்ல தெரிஞ்சிருக்கு.

மைக்ராஸ்கோப்ல பாத்தோம். ஏழு ஜோடிக் கால்ல நாலாவதுலயும் அஞ்சாவதுலயும் மட்டும் குட்டிக் குட்டிச் செதில், வரப்பு கட்டுன மாதிரி. சுருண்டதும் அதை ஓட்டு விளிம்புல உரசுது. அதான் சத்தம்.

அன்னைக்கு அவ சிரிச்ச சிரிப்பு...

பூச்சின்னு சொன்னா விடமாட்டா. நண்டு, இறால் கூட்டம்னு திருத்துவா. மத்தியதரைக் கடல் பக்கம் இப்படி சத்தம் போடுறது ஒண்ணு உண்டுன்னு எங்கயோ படிச்சிருந்தா. நம்ம ஊர்ல கெடக்கிறதும் அதே பேரினமா, வேறயா? அதைத்தான் பி.எச்.டி.க்கு எடுப்பேன்னு நின்னா.

துணைக்கு நானும் மதுரை யுனிவர்சிட்டிக்குப் போனேன். கைடு அவ வரைஞ்ச படத்தைப் புரட்டக்கூட இல்ல. பக்கத்துல இருந்தவர்கிட்ட, காதே கேக்காத பொண்ணு சத்தத்தை ஆராயப் போகுதாம்னு மெதுவாச் சொன்னாரு.

நான் அவளைப் பாத்தேன். அவ அவரோட வாயைப் பாத்துக்கிட்டு இருந்தா.

வெளிய வந்து படத்தைச் சுருட்டிப் பைக்குள்ள வச்சா. அப்புறம் சொன்னா...

"மெதுவாச் சொன்னா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டாரு, பாவம்."

மீனைப் பத்தி ஒரு தலைப்பு குடுத்தாங்க. முடிச்சு டாக்டர் ஆனா. ஆனா லேப் மூலையில மண்சட்டியில சருகும் ஈரமண்ணும் போட்டு அதுகளை வளத்துக்கிட்டேதான் இருந்தா. என்ன இனம்னு கடைசி வரைக்கும் முடிவாகல.

போன மாசம் வீடியோ கால்ல, அந்தக் கல்லுக்கடியில மரப்பேன் இப்பவும் இருக்கான்னு கேட்டா. அங்கன சிமெண்டு போட்டாச்சுன்னு சொன்னேன். என் உதட்டையே பாத்துக்கிட்டு இருந்தா.

இத பஸ்ல உக்காந்துதான் எழுதுதேன். புளியங்குடி தாண்டியாச்சு. கடையநல்லூர்ல சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் அவளை எடுக்காங்களாம்.

கொஞ்சம் இரு மக்கா... வாரேன்.